கண்ணும் காதும் முரண்பட்டால் மூளை யார் பக்கம்?

டிவியில் செய்தி வாசிப்பவரின் குரல் அவருடைய வாயிலிருந்து வருவதாகத்தான் நமக்குக் கேட்கிறது. உண்மையில் அது பெட்டியின் அடியிலோ முதுகிலோ இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கவனித்தால் சத்தம் புறப்படும் இடம் மெல்லப் புலப்படும். கண்ணைத் திறந்ததும் குரல் மறுபடி உதட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். வாயை அசைக்காமல் கையிலிருக்கும் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர்களின் தொழிலே இந்த ஒட்டலை நம்பித்தான் நடக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு, புலன்களில் கண்தான் தலைமை, மற்றவை அதற்கு அடங்கிப் போகும் என்று ரொம்ப காலம் எழுதிவந்தார்கள். இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு லாடன் ஷாம்ஸ், யுகியாசு கமிதானி, ஷின்சுகே ஷிமோஜோ மூவரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஒரு சின்னச் சோதனை அந்த எண்ணத்தை ஆட்டிவிட்டது. திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு ஒரே ஒரு முறை மின்னி மறையும். கூடவே 'பீப் பீப்' என்று இரண்டு ஒலி, மிகக் குறைந்த இடைவெளியில். பார்ப்பவர்கள் பொட்டு இரண்டு முறை மின்னியதாகச் சொன்னார்கள். ஊகித்துச் சொல்லவில்லை, அப்படித்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்கு எதிரில் நடந்ததைக் காது திருத்தி எழுதிவிட்டது.

ஆக, ஒரு சமயம் கண் ஜெயிக்கிறது, ஒரு சமயம் காது ஜெயிக்கிறது. யார் எப்போது ஜெயிப்பார் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இடத்தைச் சொல்வதில் கண் கூர்மையானது. நல்ல பார்வையுள்ளவர் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறிவார். காதுக்கோ, முகத்துக்கு நேர் முன்னாலிருந்து வரும் ஒலியில்கூட ஏறக்குறைய ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் இடம் மாறியது தெரியும். பக்கவாட்டில் அது இன்னும் மோசம். காலத்தைச் சொல்வதில் நிலைமை தலைகீழ். தொடர் ஒலியில் இரண்டு மூன்று மில்லிசெகண்ட் இடைவெளி விழுந்தால்கூடக் காது பிடித்துவிடும். நொடிக்கு அறுபது தடவைக்கு மேல் மின்னும் விளக்கைக் கண் பெரும்பாலும் தொடர் வெளிச்சமாகவே பார்க்கும். 'எங்கே' என்ற கேள்வியில் கண்ணுக்கு அதிக மதிப்பு, 'எப்போது, எத்தனை தடவை' என்ற கேள்வியில் காதுக்கு அதிக மதிப்பு.

மதிப்பு என்று பொதுவாகச் சொன்னேன். அதைக் கணக்காகவே எழுதலாம். பள்ளியில் படித்த திட்ட விலக்கம் நினைவிருந்தால் போதும். ஒரு புலன் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளந்தால் அதன் பதில்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதே அதன் திட்ட விலக்கம். ஒவ்வொரு புலனுக்கும் கிடைக்கும் எடை, இந்த விலக்கத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கணக்குக்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். மரத்தில் ஒரு குயில் கூவுகிறது. அது 10 டிகிரி வலப்பக்கம் என்கிறது கண். காது 16 டிகிரி என்கிறது. பளிச்சென்ற காலையில் கண்ணின் விலக்கம் 1, காதின் விலக்கம் 3. வர்க்கங்கள் 1, 9. எடை 90-க்கு 10 என்று பிரியும். முடிவு 10.6 டிகிரி. கண் சொன்னதோடு ஏறக்குறைய ஒட்டிவிட்டது. அதே மரம், மார்கழிப் பனி, கண்ணின் விலக்கம் 6 ஆகிவிட்டது என்று வையுங்கள். வர்க்கங்கள் 36, 9. இப்போது கண்ணுக்கு 20, காதுக்கு 80. முடிவு 14.8 டிகிரி. காது ஜெயித்துவிட்டது. காதில் எந்த மாற்றமும் இல்லை, கண்ணின் நம்பகம் குறைந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் இன்னொரு லாபம் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சேர்ந்து வரும் முடிவின் விலக்கம் தனித்தனிப் புலன்களின் விலக்கத்தைவிட எப்போதும் குறைவு. பனிக் காலையில் கண் 6, காது 3, இரண்டும் சேர்ந்தால் 2.7. இரண்டும் சரிசமமாக 2 என்று இருந்தால் சேர்த்தபின் 1.4. மோசமான புலனைத் தூக்கி எறியாமல் கொஞ்சம் எடை கொடுத்து வைத்திருப்பதால்தான் இந்த லாபம். 'ஜெயித்தது', 'தோற்றது' என்ற பேச்சு அதனால்தான் முழு உண்மையைச் சொல்வதில்லை.

மூளை உண்மையில் இப்படிக் கணக்குப் போடுகிறதா? 2002-இல் பெர்க்லியில் மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் இருவரும் அளந்து பார்த்தார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பட்டையின் உயரத்தைத் தடவிச் சொல்ல வேண்டும், அதையே முப்பரிமாணப் படமாகப் பார்த்தும் சொல்ல வேண்டும். படத்தில் வேண்டுமென்றே 'இரைச்சலை', அதாவது தாறுமாறான காட்சிக் குழப்பத்தைக் கலந்து, நான்கு அளவுகளில் பார்வையைக் கெடுத்தார்கள். முதலில் கண் மட்டும், கை மட்டும் என்று தனித்தனியாக விலக்கங்களை அளந்தார்கள். அந்த எண்களை வைத்து, இரண்டும் சேரும்போது என்ன பதில் வரும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். கணிப்பும் அளவும் நெருக்கமாகப் பொருந்தின. இரைச்சல் கூடக் கூடப் பொறுப்பு கண்ணிடமிருந்து கைக்கு நகர்ந்தது. 2004-இல் டேவிட் அலாய்ஸ், டேவிட் பர் இருவரும் பொம்மைப் பேச்சுக் கலைஞரின் வித்தையை இதே முறையில் ஆராய்ந்தார்கள். ஒளிப்பொட்டு சின்னதாக இருந்தபோது ஒலியைத் தன் பக்கம் இழுத்தது. அதை மங்கலாகப் பெரிதாக்கியதும் ஒலி அந்தப் பொட்டையே தன் பக்கம் இழுத்தது. நடுத்தர மங்கலில் இரண்டும் இல்லாமல் பதில் இடையில் விழுந்தது.

ஆனால் எடை போடுவதற்கு முன்னால் மூளை இன்னொரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும். கண்ணுக்கு வந்ததும் காதுக்கு வந்ததும் ஒரே இடத்திலிருந்து, ஒரே காரணத்தால் வந்தவையா? எதிரில் ஒருவர் பேசுகிறார், பின்னால் நாய் குரைக்கிறது. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் விபரீதம். 2007-இல் கொன்ராட் கோர்டிங்கும் கூட்டாளிகளும் இதற்கொரு கணித வடிவம் தந்தார்கள். முரண் சின்னதாக இருந்தால் ஒரே மூலம் என்று கருதிச் சேர்த்துவிடு, பெரிதாக இருந்தால் பிரித்துவை, நடுவில் இருந்தால் நிகழ்தகவுக்கு ஏற்பப் பாதி சேர்த்துப் பாதி பிரி. வீட்டிலேயே பார்க்கலாம். டிவியின் சத்தத்தை ஒரு தனி ஸ்பீக்கருக்கு மாற்றி, அதைத் திரையின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். கொஞ்ச தூரம் வரை குரல் வாயை விட்டு அகலாது. ஒருகட்டத்தில் கழன்றுவிடும், பிறகு குரல் வேறு, முகம் வேறு. புளூடூத் ஸ்பீக்கர் என்றால் சத்தமே தாமதித்து வந்து சோதனையைக் கெடுக்கும், வயர் போட்டதாக இருக்கட்டும்.

ஒரே மூலமா என்று தீர்மானிக்க மூளைக்கு உள்ள பெரிய தடயங்கள் இரண்டு: இடமும் நேரமும். இதை நியூரான் என்ற நரம்புச் செல் அளவில் காட்டியவர்கள் பாரி ஸ்டைனும் அலெக்ஸ் மெரிடித்தும், 1980-களில், பூனைகளில். நடுமூளையின் கூரையில் சுப்பீரியர் கொலிகுலஸ் என்றொரு சிறு மேடு இருக்கிறது. கண்ணையும் தலையையும் எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்வதில் அதற்குப் பங்கு உண்டு. அதன் ஆழ அடுக்குகளில் கண், காது, தோல் மூன்றின் வரைபடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியிருக்கின்றன. ஒரே நியூரான் வலப்பக்க ஒளிக்கும் துடிக்கும், வலப்பக்க ஒலிக்கும் துடிக்கும். இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால், தனித்தனித் துடிப்புகளைக் கூட்டினால் வருவதைவிடவும் பலமாகத் துடிக்கும். ஒளி வலப்பக்கம், ஒலி இடப்பக்கம் என்றால் அந்த உயர்வு வராது, சில சமயம் அடங்கியும் போகும். மூன்றாவதாக அவர்கள் கண்டது நடைமுறைக்கு மிக முக்கியமானது. தனித்தனியாக ஒவ்வொன்றும் எவ்வளவு மங்கலோ, சேரும்போது கிடைக்கும் உயர்வு விகிதத்தில் அவ்வளவு அதிகம். பளிச்சென்ற ஒளிக்கு ஒலியின் உதவி தேவையில்லை. அரையிருட்டில் அசையும் நிழலுக்குச் சருகு நொறுங்கும் சத்தம் பெரிய துணை.

நேரம் என்ற தடயம் மூளைக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைத்தால் துணி கல்லில் படுவது முதலில் தெரியும், 'பொத்' என்ற சத்தம் பிறகு வரும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், நம் ஊர் 35 டிகிரி வெயிலில் சுமார் 352. அக்கரை 175 மீட்டர் என்றால் அரை நொடித் தாமதம். தியேட்டரில் திரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 85 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம். இது வெளியில். உள்ளே நிலைமை தலைகீழ். ஒளி கண்ணுக்கு உடனே வந்துவிட்டாலும், விழித்திரையில் அதை மின் சைகையாக மாற்றும் வேதிவினை நிதானமாகத்தான் நடக்கும். உள்காதின் மயிர்ச்செல்களில் இந்த மாற்றத்துக்கு வேதிவினை தேவையில்லை, மயிர் சாய்ந்த கணமே மின் சைகைக்கான கதவு திறக்கும். அதனால் ஒலிச் சைகை 10 முதல் 20 மில்லிசெகண்டில் மூளையின் வெளியடுக்கான புறணியை எட்டுகிறது, ஒளிச் சைகைக்கு 40 முதல் 60 வரை ஆகிறது. வெளியில் ஒலி பிந்துவதும் உள்ளே ஒளி பிந்துவதும் ஏறக்குறைய 10, 15 மீட்டர் தூரத்தில் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதையெல்லாம் மூளை பொறுத்துக்கொண்டுதான் ஒன்றுசேர்க்க வேண்டும்.

அந்தப் பொறுமை இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காக வகுத்த பி.டி.1359 பரிந்துரையில் உள்ள எண்கள் இதைத் தெளிவாகக் காட்டும். சத்தம் படத்துக்கு 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்வையாளர் கண்டுபிடிக்கத் தொடங்குவார். பிந்தினால் 125 வரை தெரியாது. சகிக்கக்கூடிய எல்லை முந்தினால் 90, பிந்தினால் 185. காரணம் எளிது. இயற்கையில் சத்தம் எப்போதும் பிந்தித்தான் வரும். இடிக்குப் பிறகு மின்னலைப் பார்த்தவர் யாரும் இல்லை.

எடிட்டிங் மேஜையில் இந்த எண்கள் நேரடியாக உதவும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லிசெகண்ட். டப்பிங் குரலை எங்கே பொருத்துவது என்று சந்தேகம் வந்தால் ஒரு ஃபிரேம் தாமதமாக வைப்பது பாதுகாப்பு. ஒரு ஃபிரேம் முந்தி வைத்தால் எல்லையைத் தொட்டுவிடுகிறீர்கள், இரண்டு முந்தினால் முன் வரிசைக்காரருக்கே உறுத்தும். பின் வரிசைக்காரருக்குத் தூரத்தாலேயே இரண்டு ஃபிரேம் தாமதம் சேர்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. 2004-இல் வகா ஃபுஜிசாகியும் கூட்டாளிகளும் காட்டியபடி, ஒரே அளவு தாமதமுள்ள ஒளி-ஒலி ஜோடியைச் சில நிமிடம் தொடர்ந்து பார்த்தாலே மூளை அந்தத் தாமதத்தை இயல்பென்று ஏற்று, 'ஒரே நேரம்' என்ற புள்ளியையே கொஞ்சம் நகர்த்திவிடும். பிசகிய காட்சியை மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பவர் நெடுநேரம் கழித்துத் தன் காதை நம்பக் கூடாது. எழுந்து போய்விட்டு வந்து பார்க்கலாம், அல்லது கிளாப் அடிக்கும் ஃபிரேமையும் அலைவடிவத்தின் முனையையும் கண்ணால் ஒப்பிடலாம்.

புளூடூத் இயர்போனிலும் இதே சிக்கல்தான். ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்.பி.சி. கோடெக்கில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதம் சகஜம். வீடியோ ஆப்கள் அந்த அளவுக்குப் படத்தையும் நிறுத்திவைத்து ஈடுகட்டிவிடுகின்றன. கேம் விளையாடும்போதும் கீபோர்டு வாசிக்கும்போதும் அப்படி நிறுத்திவைக்க வழியில்லை, விரல் அழுத்திய பிறகுதான் ஒலி உண்டாக வேண்டும். அங்கே வயர் போட்ட ஹெட்போன்தான் சரி.

நேரம் பொருந்தினாலும் உதடு பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் வெளியிட்ட கட்டுரை இன்றுவரை இந்தத் துறையின் மிகப் பிரபலமான சோதனையாக நிற்கிறது. காதில் 'பா', திரையில் 'கா' சொல்லும் வாய். கேட்பவர் காதில் விழுவதோ 'தா' போன்ற மூன்றாவது ஓர் ஒலி. காரணத்தை உதட்டில் தேடலாம். 'ப', 'ம' சொல்ல உதடுகள் ஒட்டியே ஆக வேண்டும், அது வெளியே தெரியும். 'க' தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே ஏதும் தெரியாது, வாய் திறந்திருப்பது மட்டும் தெரியும். கண் சொல்கிறது: உதடு ஒட்டவில்லை, ஆகவே 'பா' இல்லை. காது சொல்கிறது: 'பா' போன்ற வெடிப்பொலி. இரண்டுக்கும் ஓரளவு ஒத்துப்போவது நடுவாயில் பிறக்கும் 'தா'. மூளை அதைத் தேர்ந்தெடுக்கிறது.

போனில் இதைச் செய்து பார்க்கலாம். முகத்தின் எதிரே வெளிச்சம் இருக்க வேண்டும். சட்டகத்தில் மூக்கிலிருந்து தாடை வரை பெரிதாகத் தெரியட்டும். மெட்ரோனோம் ஆப்பை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு 'பா' என்று பத்து தடவை சொல்லிப் பதியுங்கள். அதே நபர், அதே இடம், அதே தொனியில் 'கா' பத்து தடவை. எடிட்டிங் ஆப்பில் 'கா' வீடியோவை எடுத்து, அதன் ஒலியை நீக்குவதற்கு முன் அலைவடிவத்தில் ஒவ்வொரு 'கா'வும் வெடிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பா' ஒலியின் வெடிப்பு அதே இடத்தில் விழும்படி பொருத்துங்கள். 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு மேல் பிசகாமல் இருந்தால் நல்லது. கண்ணைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை கேளுங்கள்.

சரியாக வராவிட்டால் முதலில் சத்தத்தைக் குறையுங்கள், அல்லது மின்விசிறியை ஓடவிடுங்கள். ஒலி தெள்ளத் தெளிவாக இருந்தால் காதின் எடை கூடி உதடு தோற்கும். ஜோடியை மாற்றிப் போட்டு 'கா' ஒலி, 'பா' வாய் என்று வைத்திருந்தாலும் வராது. உதடு ஒட்டுவது கண்ணில் படுவதால் மூளை நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காது, 'ப்கா' மாதிரி இரண்டையும் அடுக்கிவைக்கும். எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு வராது. ஆளுக்கு ஆள் வேறுபாடு இதில் மிக அதிகம், சிலருக்கு ஒவ்வொரு முறையும் வரும், சிலருக்கு ஒருமுறைகூட வராது. வருகிறவர்களுக்கு ரகசியம் தெரிந்த பிறகும் வந்துகொண்டேதான் இருக்கும். 2010-இல் மைக்கேல் பீச்சம்ப் குழுவினர், மூளையின் இடப்பக்கப் பொட்டுமடலின் (காதை ஒட்டிய பகுதி) மேல் பள்ளத்தில் காந்தத் துடிப்பு கொடுத்து அந்தப் பகுதியின் வேலையைச் சற்று நேரம் குலைத்தபோது இந்த மயக்கம் குறைந்தது. குரலும் உதடும் கூடும் இடங்களில் அது முக்கியமானது என்பதற்கு நல்ல சான்று.

தமிழில் டப்பிங் வசனம் எழுதுபவர்கள் குளோசப்பில் மட்டும் 'ப', 'ம' விழும் இடங்களுக்கு அத்தனை மெனக்கெடுவது இதனால்தான். மூல நடிகர் உதட்டை ஒட்டும் இடத்தில் 'க', 'ட' வந்தால் வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒட்டாது. உள்வாயில் பிறக்கும் எழுத்துகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். லாங் ஷாட்டில் உதடே சரியாகத் தெரியாது, அங்கே கண்ணின் எடை குறைவு, வார்த்தைக்குச் சுதந்திரம் அதிகம்.

வீட்டுப் பெரியவர்களுக்குக் காது மந்தமானால் இதே விதி கைகொடுக்கும். 1954-லேயே வில்லியம் சம்பி, இர்வின் போலாக் இருவரும் இரைச்சல் கூடக் கூடப் பேசுபவரின் முகம் தரும் உதவியும் கூடுவதை அளந்து காட்டினார்கள். சத்தம் போட்டுக் கத்துவதைவிட, ஒன்றரை மீட்டருக்குள் வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுவது பலன் தரும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கரிய நிழலாகிவிடும், உதடு தெரியாது. அவர்களுடைய மூக்குக் கண்ணாடியின் பவர் பழையதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். முகக்கவசம் இருவழியில் கெடுதல் செய்கிறது: உதட்டை மறைக்கிறது, 'ச', 'த' போன்றவற்றை அடையாளம் காட்டும் உயர் அதிர்வெண்களையும் மங்கச் செய்கிறது.

உடல் எது என்ற கேள்விகூட இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. 1998-இல் மேத்யூ போட்வினிக், ஜொனாதன் கோஹன் இருவரும் செய்த ரப்பர் கை சோதனைக்கு ஓர் அட்டைப் பெட்டி, பஞ்சடைத்த ரப்பர் கையுறை ஒன்று, ஒரே மாதிரியான இரண்டு பெயின்ட் பிரஷ் போதும். உண்மையான கையை அட்டைக்குப் பின்னால் மறைத்து, பொய்க் கையை அதிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, அதே கோணத்தில், கண்ணுக்கு எதிரே வைக்க வேண்டும். பொய்க் கையின் மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஒரு துண்டைப் போர்த்தி மூடுங்கள். இன்னொருவர் இரண்டு கைகளிலும் ஒரே விரலை, ஒரே திசையில், ஒரே கணத்தில் தடவ வேண்டும். தாளம் சீராக இருக்கக் கூடாது, விட்டு விட்டு வரட்டும். எதிர்பாராத தாளம் இரண்டு இடத்திலும் ஒத்துப்போனால்தான் மூளைக்கு 'ஒரே மூலம்' என்ற நம்பிக்கை பலப்படும். ஓரிரண்டு நிமிடத்தில் பலருக்கு அந்தக் கையுறை தன் கை என்று தோன்றத் தொடங்கும். பிறகு கண்ணை மூடி, மறுகையால் மேஜைக்கு அடியில் 'என் கை எங்கே' என்று சுட்டச் சொன்னால் விரல் பொய்க் கைப்பக்கம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

ஒரு பிரஷ் அரை நொடி பிந்தினால் மாயம் கலையும். பொய்க் கையைக் குறுக்காகத் திருப்பினாலும், 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளினாலும், கைக்குப் பதில் மரக்கட்டையை வைத்தாலும் வலுவிழக்கும். இடம், நேரம், உருவம் மூன்றும் தேறினால்தான் உடலில் அனுமதி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் 1990-களில் அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பெட்டி இந்த வழியை மருத்துவத்துக்குத் திருப்பியது. கை துண்டிக்கப்பட்டவருக்கு இல்லாத கையில் வலி. நெஞ்சுக்கு நேரே கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் விழச்செய்து, விரல்களை விரித்து மூடச் சொன்னார். சிலருக்கு இறுகிக்கிடந்த இல்லாத கை பிரிந்து, வலி தணிந்தது. எல்லாருக்கும் பலிப்பதில்லை, ஆனால் செலவே இல்லாத முயற்சி.

நாக்கைப் பற்றிச் சுருக்கமாக. மூக்கைப் பிடித்துக்கொண்டு சீரக மிட்டாய் ஒன்றை மெல்லுங்கள், இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் சீரகம் வாயில் பொங்கும். அது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறிய வாசனை. ஆனால் உணவு நாக்கில் படும் உணர்வோடு ஒரே நேரத்தில் வருவதால் மூளை அதை வாயில் கொண்டுபோய் வைக்கிறது. மொறுமொறுப்பில் பாதி காதில்தான் இருக்கிறது. மாசிமிலியானோ சாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் இருவரும் 2004-இல், உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும் சத்தத்தின் உயர் அதிர்வெண்களை ஹெட்போனில் கூட்டியும் குறைத்தும் காட்டி, அதே சிப்ஸைப் புதியதாகவும் நமுத்ததாகவும் உணரவைத்தார்கள்.

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே போனால் பத்தாவது வளைவுக்குள் பலருக்குக் குமட்டும். உள்காதின் மூன்று அரைவட்டக் குழல்கள் ஒவ்வொரு திருப்பத்தையும், ஓட்டோலித் உறுப்புகள் ஒவ்வொரு பிரேக்கையும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கண்ணோ, அசையாத எழுத்துகளைப் பார்த்து 'நகரவே இல்லை' என்கிறது. இரண்டும் ஒரே உடலைப் பற்றிய செய்தி என்பதால் மூளையால் பிரித்துவைக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. உள்காதின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு இந்தக் குமட்டல் வருவதில்லை. ஓட்டுநருக்கும் அரிதாகவே வரும், ஏனென்றால் அடுத்த திருப்பம் அவர் கையிலேயே இருக்கிறது. முன் இருக்கையில் உட்கார்ந்து, தூரத்துச் சாலையைப் பார்த்து, தலையை இருக்கையில் சாய்த்து வைத்துக்கொண்டால் இரண்டு செய்திகளும் ஓரளவு ஒத்துப்போகும். கண்ணை மூடிக்கொள்வதும் உதவும், முரண்படும் சாட்சி ஒன்று குறைகிறது.

இவ்வளவு நுட்பமான கணக்கை நாம் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. இருட்டிலேயே வளர்க்கப்பட்ட பூனைகளின் கொலிகுலஸ் நியூரான்கள் ஒளிக்கும் துடித்தன, ஒலிக்கும் துடித்தன, ஆனால் இரண்டையும் சேர்த்து உயர்த்தும் திறன் வளரவில்லை. மோனிகா கோரி குழுவினர் 2008-இல் காட்டியபடி, குழந்தைகள் கண்ணையும் கையையும் பெரியவர்கள் மாதிரி எடைபோட்டுச் சேர்ப்பது 8 முதல் 10 வயதில்தான். டெல்லியில் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்து அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் ஓர் உருவத்தைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்து, அது எது என்று கண்ணால் காட்டச் சொன்னார்கள். கட்டு அவிழ்த்த புதிதில் பதில்கள் ஏறக்குறைய குத்துமதிப்பாகவே இருந்தன. சில நாட்களிலேயே வெகுவாகத் தேறிவிட்டார்கள். காதில் இந்தக் கால எல்லை இன்னும் கறாராக இருக்கிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு, செவி நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் கருவியைப் பொருத்தியதில், இரண்டரை வயதுக்கு முன் பொருத்தியவர்களில் பலரிடம் மெக்கர்க் மயக்கம் ஒழுங்காக வந்தது, அதற்குப் பின் பொருத்தியவர்களிடம் அப்படி வரவில்லை என்று 2005-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பிறந்த குழந்தைக்குச் செவித்திறன் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் நியாயம் இதிலும் இருக்கிறது.

முதுமையில் எடைகள் மறுபடி மாறுகின்றன, இதில் எனக்குக் கவலை அதிகம். நேராக நிற்பதற்கு மூளை மூன்று இடங்களைக் கேட்கிறது: கண், உள்காது, பாதமும் கணுக்காலும். வெளிச்சமான இடத்தில் கெட்டித் தரையில் நிற்கும் ஆரோக்கியமான ஒருவருக்குப் பாதத்தின் பங்கு ஏறக்குறைய 70 சதவீதம், உள்காது 20, கண் 10 என்று சமநிலை ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மெத்தை போன்ற நெகிழும் பரப்பில் நின்றால் பாதம் 10-க்கு இறங்கி உள்காது 60-க்கு ஏறும். நீண்ட கால நீரிழிவாலோ பி12 குறைபாட்டாலோ பாத உணர்வு மழுங்கியவருக்குக் கெட்டித் தரையும் மெத்தை மாதிரித்தான். அவர்கள் கண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பகலில் ஒன்றும் தெரியாது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாடுவது, துணி மாட்டும்போது தலை மறைந்ததும் சாய்வது, இரவில் கழிப்பறைக்குப் போகும்போது சுவரைத் தேடுவது, இவைதான் முதல் அறிகுறிகள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரு பாதங்களையும் சேர்த்துவைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லும் ராம்பெர்க் சோதனையை அவர் செய்வார். தனியாக நீங்கள் செய்ய வேண்டாம், விழுந்தால் பிடிக்க ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தரையோரமாக இரவு விளக்கு போடுங்கள். தடித்த பஞ்சு போன்ற அடிப்பாகம் கொண்ட செருப்பு பாதத்தின் மிச்ச உணர்வையும் விழுங்கிவிடும், மெல்லிய கெட்டியான அடிப்பாகமே நல்லது. முகத்தை நின்றபடி கழுவாமல் ஸ்டூலில் உட்கார்ந்து கழுவட்டும். நடைபாதைச் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். அதை இறுகப் பற்ற வேண்டும் என்பதுகூட இல்லை. ஜான் ஜெகா, ஜேம்ஸ் லாக்னர் இருவரும் 1994-இல் அளந்தபோது, உடலைத் தாங்கவே முடியாத, ஒரு நியூட்டனுக்கும் குறைவான அழுத்தத்தில் ஒரு விரல்நுனி அசையாத பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தாலே கண்ணை மூடி நிற்பவரின் ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. நூறு கிராம் எடைக்கும் குறைவான அந்தத் தொடுதல், பாதம் சொல்லத் தவறியதை மூளைக்கு வேறு வழியில் சொல்லிவிடுகிறது.